நிசார் நானா கேட்ட பத்து நாள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி நம் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்டார். எதைப் பற்றி என்பதையும் அவரே சொன்னார். கண்டியின் சிறிய மர ஆலைகளை ஒன்றுசேர்த்து முதலாவது கொள்கலனை நான் வெளிநாட்டுக்கு அனுப்பிய கதை வேண்டுமாம். அதைப் பயிற்சி வகுப்பில் உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். கொள்கலன் புறப்பட்ட நாளோடு கதையை முடித்துமிருப்பார்கள். அப்படி முடிக்கப் பழக்கியவன் நானே. புறப்படுவதற்கு ஆறு நாளைக்கு முன் நடந்ததையும் புறப்பட்ட பின் நடந்ததையும் இங்கே எழுதுகிறேன். போன மாதம் நான் செய்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. அதுதான் எழுதக் கடினமாக இருக்கிறது.

சிறிய ஆலைக்காரர் ஒருவர் தனியாக ஏற்றுமதி செய்வது எவ்வளவு சிரமம் என்பதை இந்தச் சில வாரங்களில் கண்டிருப்பீர்கள். அவரிடம் மரம் இருக்கும், கைத்திறன் இருக்கும், ஒரு கொள்கலனை நிரப்பும் அளவுக்குப் பொருள் இருக்காது. வாங்குபவர்கள் பாதிக் கொள்கலனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதனால் மூன்று ஆலைகளை ஒரே ஏற்றுமதி ஓடருக்குள் கொண்டுவந்தேன். கட்டுகஸ்தோட்டையில் நிசார், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் எங்களுக்கு நானா; பிலிமத்தலாவையில் பண்டார, சிங்களத்தில் ஐயா என்னும் மாத்தயா; கலஹா வீதியில் இன்னொருவர். மகோகனி மரத்தில் தட்டங்களும், காய்கறி வெட்டும் பலகைகளும் செய்து தரவேண்டும். ஐரோப்பாவில் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒருவர் வாங்க ஒப்புக்கொண்டிருந்தார். இந்தக் கொள்கலன் ஒழுங்காக வந்து சேர்ந்தால் தொடர்ந்து எடுப்பதாகவும் சொல்லியிருந்தார்.

நிசார் நானாவும் பண்டார மாத்தயாவும் இருபது வருஷச் சிநேகிதர்கள். மர ஏலத்தில் ஒருவர் கை தூக்கிய மரத்துக்கு மற்றவர் கை தூக்கமாட்டார். ஏலம் தொடங்கும்வரை ஒரே மரக்குற்றியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேலி பண்ணிக்கொண்டிருப்பார்கள். "பண்டார மாத்தயா பலகைக்கு மெழுகு பூசுறதில்ல சேர், மெழுகு டின்ன பலகைக்குக் காட்டுறதோட சரி" என்று என்னிடம் சொல்வார் நானா. நானாவின் தட்டத்தில் முகம் தெரியும், அதனால்தான் பெண்கள் வாங்கப் பயப்படுகிறார்கள் என்று மாத்தயா சிங்களத்தில் திருப்பிக் கொடுப்பார். பண்டார மாத்தயாவுக்கு ஏற்றுமதியில் நம்பிக்கை இருக்கவில்லை. அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து என்னிடம் கூட்டிவந்தவர் நிசார் நானாதான்.

நம்மிடம் அப்போது மரம் உலர்த்தும் அறை ஒன்றுதான் இருந்தது. மூன்று ஆலைகளும் முறை வைத்து அதைப் பாவித்தன. முறைப் பட்டியலைப் போட்டவன் நான். வெட்டுப்பலகை தடிப்பானது, தட்டம் மெல்லியது. இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் நாள் ஒதுக்கினேன். முதல் பிழை அது. அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, கவனக்குறைவுதான். பண்டார மாத்தயாவின் முறை முடிந்து அறையைத் திறந்தபோது அவருடைய பலகைகள் உள்ளே ஈரமாகவே இருந்தன. இன்னும் பத்து நாள் தேவைப்பட்டது. அடுத்த முறை நிசார் நானாவுடையது.

நானாவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட அவர் யோசிக்கவில்லை. மாத்தயாவின் சாமான் காயட்டும், தனக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பத்து நாளும் யாருடையவை என்பதைப் பண்டார மாத்தயாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் என் பட்டியல் பிழை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அலுவலகம் தயவு பண்ணி நாளை நீட்டித் தந்தது என்று அவர் நினைத்தார். எனக்கு நன்றி சொன்னார். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

பிறகு மூன்றாவது ஆலையின் முறை வந்துவிட்டதால் நானாவுக்குக் கிடைத்தது நாலே நாள். மிச்ச நாளெல்லாம் தட்டங்களைத் தம் கொட்டகையில் அடுக்கிக் காற்றாட விட்டிருந்தார். அந்த வருஷம் கட்டுகஸ்தோட்டையில் மழை விடவே இல்லை. பாலத்தின் கீழே ஆறு பழுப்பாகப் பெருகிப் போனது. கொட்டகைக்குள் நின்றால் சட்டை உடம்போடு ஒட்டும்.

கொள்கலன் ஏற்றுவதற்கு ஆறு நாள் இருக்கும்போது ஈரம் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

நம் தொழிலில் உள்ள ஒரு பழக்கத்தை நீங்களும் சீக்கிரம் காண்பீர்கள். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் ஆலைக்காரர் நாலைந்து பலகையை வெயிலிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ வைத்து நன்றாகக் காயவிட்டு, அடுக்கின் மேலே வைத்துவிடுவார். அதிகாரி மேலே உள்ளதை எடுத்து மீட்டரை வைப்பார். தேநீர் வரும். இருவருக்கும் எல்லாம் தெரியும், இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். நான் அப்படிப்பட்ட அதிகாரி இல்லை என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. நடுவிலிருந்து எடுங்கள் என்பதுதான் என் பயிற்சி வகுப்புகளில் நான் சொல்லும் முதல் பாடம்.

அன்றைக்கு நிசார் நானா அடுக்கின் முன்னால் நின்று என்னை மறித்தார்.

"மேல ஈக்கிறது ஒங்களுக்கு வெச்சது சேர். நடுவுல ஈக்கிறதுதான் வெள்ளக்காரனுக்குப் போறது. அதப் பாருங்க."

அவரே கையை விட்டு நடுவிலிருந்து ஒரு தட்டத்தை இழுத்துத் தந்தார். மீட்டர் பன்னிரண்டுக்குக் கீழே காட்ட வேண்டும். இருபத்தொன்றைக் காட்டியது. வேறு மூன்றை எடுத்துத் தந்தார். அவையும் அப்படித்தான்.

"இத மூடி அனுப்பினா கப்பல்ல வேர்த்து, பூஞ்சணம் புடிச்சிரும். என்ட சாமான் மட்டுமில்ல, பக்கத்துல ஈக்கிற மத்தவங்கட சாமானும் போயிரும். எனக்குப் பத்து நாள் தாங்க சேர். அறையில வெச்சு எடுத்துத் தாறேன்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு வாரத்தில் இன்னொரு கப்பல் இருந்தது. வாங்குபவரிடம் கேட்டிருந்தால் முகம் சுளித்துவிட்டுச் சம்மதித்திருக்கக்கூடும். நான் கேட்கவில்லை. அவர் மறுப்பார் என்று அவருக்காக நானே பதில் சொல்லிக்கொண்டேன். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்து கொள்கலனை வழியனுப்புவதாக ஏற்பாடு, அழைப்பிதழ்கள் போய்விட்டன. ஆனால் அழைப்பிதழை நான் காரணமாகச் சொல்லமாட்டேன். என் திட்டம் முதல் தடவையிலேயே பிழையாகிப்போனது என்று அலுவலகத்தில் யாரும் சொல்லக்கூடாது. அதுதான் காரணம்.

"நானா, மேல இருக்கிறதில ஒன்ன எடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தவறிச் சொல்லிவிட்டேனோ என்று பார்த்தாரென்று நினைக்கிறேன். நான் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். மேலிருந்து ஒரு தட்டத்தை எடுத்துத் தந்தார். மீட்டர் பதினொன்று காட்டியது. அதைப் படிவத்தில் எழுதினேன். ஆலைக்காரர்கள் அதிகாரியை ஏய்க்க வைக்கும் பலகையை, ஒரு அதிகாரியே கேட்டு வாங்கி அளந்தான்.

படிவத்தின் அடியில், பொருள் உலர்ந்திருக்கிறது என்று உற்பத்தியாளரும் கையொப்பம் இடவேண்டும். பேனையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"காயல்ல எண்டு நான்தானே சொன்னேன். எப்பிடி சேர் காஞ்சிட்டு எண்டு கையெழுத்து வெக்கிறது?"

அப்போது நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "உங்கட பங்கு ஏறாட்டி கொண்டெய்னர் நிரம்பாது. நிரம்பாட்டி பண்டார மாத்தயாட சாமானும் போகாது. உங்கள நம்பித்தானே அந்த மனுசன் வந்தார்? யோசிச்சுப் பாருங்க."

எந்த இடத்தில் தொட்டால் அவர் இளகுவார் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தைத் தொட்டேன். அவர் பேனையை வாங்கிக் கையொப்பம் இட்டார். தேநீர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

கொள்கலன் கொடியசைத்து அனுப்பப்பட்டது. உங்களுக்குச் சொல்லப்பட்ட கதை இங்கே முடிகிறது.

ஏழெட்டு வாரம் கழித்து வாங்குபவரின் மின்னஞ்சல் படங்களோடு வந்தது. நானாவின் தட்டங்களில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். பக்கத்திலிருந்த பண்டார மாத்தயாவின் பெட்டிகளுக்கும் அது பரவியிருந்தது. முழுக் கொள்கலனையும் நிராகரித்துவிட்டார்கள்.

எனக்கு மேலே அப்போது இருந்தவர் யாழ்ப்பாணத்தவர். கெட்ட மனிதர் அல்ல. விளக்கம் எழுதும்படி என்னைக் கூப்பிட்டார். யாருடைய பொருளில் தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன்.

"அந்தாள் கையெழுத்து வைச்சிருக்கோ?"

"வைச்சிருக்கிறார்."

"பிறகென்ன ஐசே, உள்ளதை எழுதும்."

அவர் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நானும் பொய் எழுதவில்லை. குறித்த ஆலையின் பொருளில் பூஞ்சணம் தொடங்கியது. பொருள் உலர்ந்திருக்கிறது என்று உற்பத்தியாளர் கையொப்பமிட்டு உறுதியளித்திருந்தார். பொருள் போதியளவு உலர்ந்திருக்கவில்லை. பரிசோதனையின்போது காட்டப்பட்ட மாதிரி சரியாக இருந்தது. இந்த நாலு வாக்கியங்களில் எதையும் யாரும் பிழை என்று சொல்ல முடியாது. நான் கத்தோலிக்கன், மாதா மாதம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் சுவாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்போது எதைச் சொல்வது என்று என்னையே சமாளித்துக்கொண்டேன்.

நிசார் நானாவைத் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதை எடுத்துக்கொண்டு அவர் என்னிடம்தான் வந்தார். மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, என்ன போட்டிருக்கிறது என்று தமிழில் சொல்லும்படி கேட்டார். நான் எழுதிய நாலு வரியும் அந்தக் கடிதத்தில் அப்படியே இருந்தன. அவற்றை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். நானா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"எல்லாம் சரிதான் சேர். பத்து நாள் கேட்டேன் எண்டது மட்டும் இல்ல."

"படிவத்தில அதுக்கு இடமில்ல நானா."

அவர் கோபப்படவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப எடம் ஒண்டு வெச்சிருங்க சேர். இனி வார ஆளுக்கு ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. படிவத்தைத் திருத்தும் பொறுப்பும் வந்தது. இன்றைக்கு நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஆலைகளுக்குப் போவது நான் திருத்திய படிவம்தான். மரத்தின் இனம், தடிப்பு, உலர்த்திய நாள் என்று எத்தனையோ கட்டங்கள் அதில் உண்டு. உற்பத்தியாளர் என்ன சொன்னார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. நான் மறந்துபோய் விடவில்லை. அந்தக் கட்டத்தை வைத்தால், ஏன் வைத்தீர்கள் என்று யாராவது கேட்பார்களே என்று விட்டேன். நீங்கள் ஓரத்தில் எழுதுங்கள். ஒருவர் நாள் கேட்டால், அவர் கேட்டார் என்பதை அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதிவிட்டால் மேலே உள்ள பலகையைக் கேட்டு வாங்கி அளக்க உங்களுக்குக் கை வராது.

பண்டார மாத்தயாவின் சரக்கும் குப்பையாகிவிட்டது அல்லவா? அவர் நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போய், வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க நானாவை ஏசினாராம். ஈரச் சாமான் என்று தெரிந்தே கையெழுத்து வைத்தாயா என்று கேட்டாராம். நானா ஆம் என்றாராம். அதோடு பேச்சு நின்றது. அடுத்த ஏலத்தில் நான் இருந்தேன். நானா கை தூக்கிய மரத்துக்கெல்லாம் பண்டார மாத்தயாவும் கை தூக்கினார். மூன்று ஏலம் அப்படி நடந்தது. நாலாவதற்கு நானா வரவில்லை. நல்ல மரம் எடுக்க முடியாமல், மலிவு மரத்தில் காய்கறி ஏற்றும் பெட்டி அடிக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இழைத்தால் முகம் தெரியும்படி இழைத்த கை அது. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஓய்வு பெற்று, அதற்குப் பிறகும் சில வருஷங்கள் போய்விட்டன.

அலுவலகம் எழுதச் சொன்ன பிறகு, அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று போன மாதம் கட்டுகஸ்தோட்டைக்கு பஸ் எடுத்தேன். நானாவுக்குத் தாடி முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் கையிலிருந்த சுத்தியலை வைத்துவிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். நடந்ததையெல்லாம் எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுதுங்க. நான் கையெழுத்து வெச்சதையும் எழுதுங்க. அது என்ட கைதான்" என்றார்.

பண்டார மாத்தயாவிடம் அந்தப் பத்து நாள் கதையை ஏன் ஒருபோதும் சொல்லவில்லை என்று கேட்டேன். கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் பிறகு கொடுத்ததற்கு என்ன பெறுமதி என்று திருப்பிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி அடுத்ததைச் சொன்னார்.

"எனக்கிட்ட மன்னிப்புக் கேக்குறது லேசு சேர். மாத்தயாக்கிட்ட போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டார், நீங்க சொன்னா நம்புவார். அவருக்கும் வயசாகிட்டு. அது போதும் எனக்கு."

போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போகவில்லை. முதல் வாரம் மழை. அடுத்த வாரம் கண் வைத்தியரிடம் போகும் நாள் குறுக்கே வந்தது. அதற்கடுத்த வாரம் எந்தச் சாக்கும் இல்லை, ஆனாலும் போகவில்லை. எனக்கு நன்றி சொன்ன மனிதரின் முன்னால் போய் நிற்பதற்குப் பயமாக இருந்தது. நாலாவது வாரம் பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் வீட்டு வழியில் திரும்பினால், இரு பக்கமும் கட்டிய வெள்ளைக் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின.

மூன்று நாளைக்கு முன் பண்டார மாத்தயாவின் அடக்கம் முடிந்திருந்தது. மகன் என்னை அடையாளம் கண்டு உள்ளே அழைத்துப்போனார். அப்பா உங்களைப் பற்றி நல்ல விதமாகச் சொல்லுவார், நாள் நீட்டித் தந்த ஒரே அதிகாரி நீங்கள்தானாம் என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒன்று சொன்னார். அடக்கத்தன்று வெள்ளைத் தாடி வைத்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் வந்து சவப்பெட்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாராம். கட்டுகஸ்தோட்டைக்காரர் என்று யாரோ சொன்னார்களாம். அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது என்று தெரிந்ததால் வீட்டில் ஒருவரும் அவரோடு பேசவில்லையாம். உட்காரச் சொல்லக்கூட இல்லையாம்.

அங்கிருந்து நேரே கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். நிசார் நானா பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"மாத்தயாட மையத்து அடக்கத்துக்குப் போனேன் சேர். வீட்டாளுங்க ஒருத்தரும் பேசல்ல. அது பரவாயில்ல, அவங்களுக்குத் தெரியாதுதானே. மாத்தயாக்குத் தெரியும். நீங்க வந்து சொல்லி இருப்பீங்க, எல்லாம் தெரிஞ்சிட்டுத்தான் அவர் போயிருப்பார் எண்டு நெனச்சிட்டு நிண்டேன். மனசுக்கு நல்லா இருந்திச்சி."

என் கையை அவர் இன்னும் விடவில்லை.

"சொன்னீங்கதானே சேர்?"

இல்லை என்றேன்.